எமர்ஜென்சி லைட்டின் எடை

பழுப்பு டேப்பைச் 'சர்ர்ர்' என்று இழுக்கும் சத்தம் காதில் விழுந்தால் இன்றைக்கும் என் கண் எடை மெஷினைத் தேடும். தொண்ணூறுகளில், மஸ்கட் ரூவியில் இருந்த எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால், 'லீவு' வந்துவிட்டது, 'பொட்டி கட்ட' ஆரம்பித்தாகிவிட்டது, இனி ஒரு வாரத்துக்கு உம்மாவும் வாப்பாவும் கிலோவைத் தவிர வேறெதையும் பேசப்போவதில்லை என்று பொருள்.

ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்த வாப்பா எடை பார்க்கும் விதமே தனி. வீட்டில் இருந்த எடை மெஷினில் முதலில் தான் மட்டும் ஏறி நிற்பார். பிறகு அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறுவார். பெட்டி முள்ளை மறைத்துவிடும் என்பதால் நான் தரையில் குப்புறப் படுத்து வாசித்துச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெட்டியின் எடை. நடுவில் அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டால் போதும், "கணக்கு போச்சு, மொதல்லேர்ந்து ஏறுங்க" என்பார் உம்மா.

நான் ஏழாவது படித்த வருடம் வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. உம்மாவும் நானும் மட்டும் ஊருக்குக் கிளம்பினோம். பால்பவுடர், கோடாலித் தைலம், சோப்பு, துண்டு இவற்றோடு ஓர் எமர்ஜென்சி லைட்டும் பெட்டியில் இருந்தது. அது எனக்கு அக்கா முறையான, பெரியம்மா மகள் ஜஹீரா ராத்தாவுக்கு. பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டிருந்த ராத்தா, செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். அதிலும் தவறினால் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்ப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. "சாச்சா, இங்கே சாயங்காலமானா கரண்ட் இருக்கிறதில்லை. எனக்கு லைட் மட்டும் போதும்" என்று வாப்பாவுக்குக் கடிதம் போட்டிருந்தார்.

பெட்டியோ அரை கிலோ கூடுதலாக இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் சயின்ஸ் மிஸ், பொருளும் சக்தியும் வேறு வேறல்ல, ஒன்றேதான் இரண்டு வேஷம் போடுகிறது என்று சொல்லிவைத்திருந்தார். "அது ஏன் மிஸ் இருக்கணும்? ஒண்ணுமே இல்லாம இருந்திருக்கலாமே" என்று கேட்டேன். "சிலபஸ்ல இல்லை, உட்கார்" என்றார். வீட்டுக்கு வந்து, எடை என்று ஒன்று ஏன்தான் இருக்கிறது என்று வாப்பாவை நச்சரித்தேன்.

"எனக்கு எப்புடிம்மா தெரியும்? ஒன்னுமே இல்லாம இருந்திருந்தா பொட்டி கட்டுற வேலையாச்சும் மிச்சம்" என்றவருக்கு, மிஸ் சொன்ன விஷயம் மட்டும் சட்டென்று பிடித்துக்கொண்டது. "சக்திக்கும் எடை உண்டுன்னு மிஸ்ஸே சொன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். முந்தின நாள்தான் முழுக்கச் சார்ஜ் ஏற்றியிருந்த லைட்டை வெளியே எடுத்து, பட்டப்பகலில், கூடத்து நடுவில் எரியவிட்டார். அது மங்கி அணையும்வரை மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி ஏறி நின்றார். முள் இம்மியும் அசையவில்லை.

"மெசின் பழசு. கொறஞ்சிருக்கும்" என்றார் வாப்பா.

உம்மா சோப்பில் பாதியை வெளியே எடுத்து வைத்தார், எடை சரியானது. அந்த அவசரத்தில்தான், ஊரில் காட்டிப் பெருமையடித்துக்கொள்ளலாம் என்று, என்னுடைய தடித்த, படம் போட்ட சயின்ஸ் புத்தகத்தைத் துண்டுகளுக்கு அடியில் செருகினேன்.

விமான நிலையத்தில் கவுண்டர்காரர், "தோ கிலோ ஜ்யாதா, பாய்" என்று, இரண்டு கிலோ கூடுதலாக இருப்பதாகக் கையை விரித்தார். வாப்பா தரையில் மண்டியிட்டு, தானே இறுக்கிய கயிற்று முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் கை நேரே லைட்டுக்குத்தான் போனது. "அடுத்த தடவை குடுத்துக்கலாம்" என்றார். அடுத்த தடவை என்றால் இரண்டு வருடம். உம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

"வாப்பா, அடியில என் புத்தகம் இருக்கு" என்றேன்.

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் புத்தகத்தை இழுத்து, கையில் தூக்கிப் பார்த்து, சிரித்துவிட்டார். "அடிப்பாவி, எடை ஏன் இருக்கு ஏன் இருக்குன்னு நாலு நாளா உசிர வாங்கிட்டு, நீதானே உள்ள வச்சிருக்கே!"

லைட் ஊருக்கு வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்த சாயங்காலம் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கூடி நிற்க, ராத்தா பிஸ்மி சொல்லி சுவிட்சைத் தட்டினார். லைட் எரியவில்லை. அதன் எடையை வாப்பா எப்படிக் குறைத்தார் என்று உம்மா விளக்கியபோது தெருவே சிரித்தது. மறுநாள் சார்ஜ் ஏறியது. செப்டம்பரில் ராத்தா தேறிவிட்டார். நாங்கள் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போவதற்குள் வாப்பா, விமான நிலையத்தில் எடுத்துவைத்துக்கொண்ட என் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்து முடித்திருந்தார். "எல்லாம் எப்படின்னு போட்டிருக்கான். ஏன்னு ஒரு எடத்துலயும் போடலையே" என்று குறைபட்டுக்கொண்டார்.

கல்லூரியில் இயற்பியல் படித்தபோதுதான், சார்ஜ் தீர்ந்த லைட்டின் எடை உண்மையிலேயே குறைகிறது, எந்தத் தராசிலும் தெரியாத அளவுக்குக் குறைகிறது என்பது எனக்குப் புரிந்தது. உடனே மஸ்கட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்பவே நான் சொல்லல?" என்றார், பெரிய வியப்பொன்றும் இல்லாமல்.

இப்போது நான் அதே பாடத்தை நடத்துகிறேன். ஏன் என்று கேட்கும் பிள்ளைகளிடம், தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். அட்டைப்பெட்டியும் கயிறும் போய் சக்கரம் வைத்த பெட்டிகள் வந்துவிட்டன. ராத்தா வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை. போன வருடம் ஒரு கருத்தரங்குக்காக மஸ்கட் போய்த் திரும்பும்போது, கவுண்டரில் இருந்த பெண் என் பெட்டியை நிறுத்துப் பார்த்து, "இன்னும் பதினஞ்சு கிலோ கொண்டு போகலாமே, மேடம்" என்றாள். யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது.