முடி வெட்டாமல் பெண் பார்க்கப் போனோம்

எழுபதுகளின் நடுவில், காக்களூரில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். கடம்பத்தூர் பக்கம் காலனியில் வீடு. பெரியவர்கள் எனக்குத் திருவாலங்காட்டில் பெண் பேசியிருந்தார்கள். நான் போய்ப் பார்க்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. அப்போது பட்டறைக்கு எதிரே ஒரு சலூன் திறந்தார்கள். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தேன். கடைக்காரர் என் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார், கத்திரியைக் கீழே வைத்துவிட்டார்.

"உனக்கு வெட்னா ஊர்க்காரங்க வர மாட்டாங்கப்பா."

பட்டறையில் வந்து சொன்னேன்.

"எனக்கு வாடகைக்கு ஊடு இல்லன்னு சொன்ன தெருவுல கடசி ஊடு வரிக்கும் என்கூட நடந்தவன் நீ. இனிமே நானும் அங்க போக மாட்டேன்" என்றார் வெல்டர் பாய். ஆந்திர எல்லையிலிருந்து வந்த கிறிஸ்தவ ஃபிட்டர் சவரத்தையே நிறுத்தினார். பாய்க்குத்தான் சிக்கல். "தாடி ஏற்கெனவே கீது, கோவத்த எங்க காட்றது?" என்று யோசித்துத் தலைமுடியை வளர்த்தார்.

எனக்கோ கல்யாணக் கவலை. பேசாமல் திருவள்ளூர் டவுனில் வெட்டிக்கொள்கிறேன் என்றேன்.

"வெட்னா அந்தக் கடையிலதான் நைனா. நாங்க இன்னாத்துக்கு அரிச்சிக்கினு கீறோம்?" என்றார் ஃபிட்டர், தாடியைச் சொறிந்தபடி.

பெண் பார்க்கும் நாளும் வந்தது. மூன்று பேரும் போய் நின்றோம். பெண்ணின் அப்பா எங்களைப் பார்த்ததும் கும்பிட்டு, "சாமியாருங்க வந்துகீறாங்க, அரிசி எட்த்தாம்மா" என்று உள்ளே குரல் கொடுத்தார். முறத்தில் அரிசியோடு பெண்ணே வந்தாள்.

"நான்தான் மாப்பிள்ளை" என்றேன்.

பாய் நடந்ததை எல்லாம் சொன்னார். அப்பாவை முந்திக்கொண்டு பெண் சொன்னாள்: "அந்தக் கடையிலயே வெட்டிக்கினு வரச் சொல்லுப்பா. அப்பறம் பேசலாம்."

மறுநாள் மூவரும் சலூனுக்குப் போனோம். அவள் சொன்னதை ஃபிட்டர் அப்படியே ஒப்பித்தார்.

"என்னையும் ஊர்க்காரங்க பின்வாசல்லதான் நிக்க வெக்கிறாங்க" என்று கடைக்காரர் முனகினார். பிறகு நாற்காலியைத் துணியால் தட்டினார். "ஒக்காரு."

காத்திருந்த ஊர்க்காரர் ஒருவர் எழுந்து போய்விட்டார். கடைக்காரர் வாசலைப் பார்த்துக்கொண்டே வெட்டியதில் என் காதில் லேசாகக் கீறல். போனவர் முடி வளர்ந்ததும் தானாகத் திரும்பி வந்தார்.

அவள்தான் என் மனைவி. எனக்காக நானே கோபப்படப் பயந்த நாளில், எனக்காக இரண்டு பேர் கோபப்பட்டார்கள். இன்றும் ஒருவரை உட்கார விடாத கடையில் என்னால் உட்கார முடிவதில்லை.