முதுகு வலிக்குக் காய்ச்சல் என்று பெயர்

எண்பதுகளின் தொடக்கத்தில், சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் ஒரு நூற்பாலையின் மருந்தகத்தில் நான் டாக்டர். பஞ்சுப் பொதி சுமப்பவர்களின் முதுகெலும்பு எப்படிக் கெடுகிறது என்று ஆராய்ந்து எழுத ஆசைப்பட்டேன். அலமாரி நிறைய நோயாளிப் பதிவேடுகள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

ஆசைக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். இருபது வருடம் பொதி சுமந்தவர், குனிந்தால் நிமிர முடியாது. எடை மேடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கேட்டு மனு கொடுத்திருந்தார். சுமந்ததால் வந்த வலி என்பதற்குப் பதிவேட்டில் ஆதாரம் இருந்தால் தருகிறோம், இல்லாவிட்டால் வேலையை விட்டு நின்றுகொள்ளட்டும் என்றது நிர்வாகம்.

இரண்டு மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் புரட்டினேன். சுமப்பவர்கள் பெயருக்கு நேரே காய்ச்சல், காய்ச்சல், மறுபடியும் காய்ச்சல். முதுகு வலி ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு மட்டும். இதை நம்பினால் நாற்காலியைத்தான் தடை செய்ய வேண்டும். எரிச்சலில் பதிவேட்டை மேசையில் எறிந்தேன்.

கம்பவுண்டர் அதை எடுத்துத் தூசி தட்டினார்.

"ஏனுங்க டாக்டரு, காச்சல்னா உங்க கையெழுத்துலயே மூணு நாள் சம்பளத்தோட லீவுங்க. முதுகு வலின்னா சேலம் போயி எக்ஸ்ரே எடுத்துட்டு வரோணும், அதுவரைக்கும் சம்பளங் கெடையாதுங்க. அதான் காச்சல்னு எழுதிப்போடறது. குமாஸ்தாங்களுக்கு மாசச் சம்பளம், புடிக்க மாட்டாங்க, அவிங்களுக்கு உள்ளதை எழுதறதுங்க."

முதுகுக்கு மாத்திரை கொடுத்தது நான். நோயின் பெயரை எழுதுவது அவர் வேலை. கூட்டத்தில் அவர் நீட்டியதில் எல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த மனுக்காரரின் பெயரைத் தேடினேன். ஏழு காய்ச்சல், ஏழின் கீழும் என் கையெழுத்து.

நிர்வாகத்துக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதினேன். "நீங்களே காய்ச்சல் என்றுதானே சான்று கொடுத்திருக்கிறீர்கள்?" என்று மேலாளர் கேட்டார். ஆடி பிறப்பதற்குள் மனுக்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சொல்லிக்கொள்ள வந்தவர், "நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

இனி உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும், நானே எழுதுகிறேன் என்று பதிவேட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த வாரமே ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோணலாக வந்து நின்றார்.

"காச்சல்னே எழுதிப்போடுங்க சாமி. சேலம் போயிட்டு வர்ற வரைக்கும் ஊட்டுல ஒலை வைக்க முடியாதுங்க."

உண்மையை எழுதினால்தான் பிற்காலத்தில் உதவும் என்று கால் மணி நேரம் வாதாடினேன். அவர் உட்காரவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பேனாவைத் திறந்து, என் கையாலேயே காய்ச்சல் என்று எழுதினேன்.