பெடலில் கட்டிய மஞ்சள்

இதில் ஒரு வரிகூட இட்டுக்கட்டியது அல்ல. சந்தேகம் இருந்தால் சித்தூருக்குப் போய்க் கோவர்த்தனனைக் கேளுங்கள். எருமையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய ஆள். ஆனால் சொந்தக் குழந்தையின் தொட்டிலருகே தனியாகப் போகமாட்டார்.

எல்லாம் சென்னம்மா என்ற விதவையிடம் வாங்கிய பழைய காரால் வந்தது. சித்தூரில் ரோடு போடும் முன்பே ஓடத் தொடங்கிய கார் அது. வாங்கிய வாரமே மெக்கானிக் பாலையாவிடம் விட்டார். பாலையா பிரேக் பெடலுக்கு மேலே டார்ச் அடித்தார். பெடல் மேலே வந்ததும் அதிலுள்ள சின்ன ரப்பர் ஒரு சுவிட்சை அமுக்கும்; பின்னால் பிரேக் லைட் அணையும். இந்தக் காரில் ரப்பர் இல்லை. அந்த இடத்தில் தாலிக் கயிற்றோடு ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு, இறுக்கிக் கட்டியிருந்தது.

“இன்னா சார் இது? இங்க போயி யாரு தாலி கட்டினது?”

“ரப்பர் கிடைக்கல போல. காருக்கே கல்யாணம் பண்ணிட்டாங்க. புடுங்கிப் போடு.”

பாலையா தயங்கினார். கோவர்த்தனனே பிடுங்கினார். புது ரப்பர் போட்டாயிற்று.

மறுவாரம் அவர் மனைவி அம்சவேணிக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி திருப்பதியில். அவளைப் பின்சீட்டில் சாய்த்துக் கிளம்பும்போது மாலை ஆறு இருபது. தூறல்.

பாகாலா தாண்டியதும் ஒரு பைக் பக்கத்தில் வந்தது.

“அண்ணா, பிரேக் லைட்டு எரிஞ்சிக்கினே கீது.”

பிரேக்கில் அவர் கால் வைக்கவே இல்லை.

ரப்பர் விழுந்திருக்கும்... என்று நினைத்தார். சந்திரகிரி நெருங்கியது. வண்டி இழுக்க மறுத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தார். என்ஜின் அலறியது. கார் நடுரோட்டில் நின்றது.

“பிரேக்குல இருந்து காலை எடுங்க... இன்னா பண்றீங்க?”

“எடுத்துட்டேன் அம்சா.”

இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கி வைத்திருந்தார். பெடல் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது.

பின்னால் லாரி. வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

குனிந்தார். பெடலைத் தூக்கக் கையை விட்டார்.

விரல்கள் தட்டுப்பட்டன.

கால்விரல்கள்... ஈரமாக. சில்லென்று.

ஹாரன்.

“விடுங்க... குழந்தை வருது...” அம்சவேணி முனகினாள். யாரிடம் சொன்னாளோ.

டக்.

பெடல் எழும்பியது. ஆக்சிலேட்டரை மிதித்தார். லாரியின் காற்று மட்டும் உரசிக்கொண்டு போனது.

ஆண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

பிறகுதான் சென்னம்மாவைத் தேடிப் போனார்.

“சுவிட்ச் கெட்டுப் போயிருந்துச்சு சாமி. என் வீட்டுக்காரரு பிரேக் அழுத்தினது பின்னால வந்த லாரிக்குத் தெரில. சந்திரகிரிகிட்டதான். செத்தும் காலை எடுக்கல. காரைச் சரி பண்ணி எடுத்தாந்த பின்னாலயும் லைட்டு எரிஞ்சிக்கினே இருந்துச்சு. நான் கழட்டின தாலியோட மஞ்சளைக் கட்டினேன். அதுக்கப்புறம்தான் எடுத்தாரு.”

“இப்பவும் எடுத்துட்டாரும்மா. லைட்டு நல்லா அணையுது.”

சென்னம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“மஞ்சள் இல்லாமயா... அப்ப எங்க போனாரு?”

குழந்தைக்கு இப்போது மூன்று மாதம். சமர்த்து. நன்றாகத் தூங்குகிறது. தெருவில் லாரி வந்தால் மட்டும் தூக்கத்திலேயே வலது காலை நீட்டி... அழுத்துகிறது.

லாரி தாண்டிப் போகும்வரை எடுப்பதில்லை.