பக்கத்து வகுப்பின் தண்ணீர்ப் பாடம்

ஏழாம் வகுப்பு ஏ பிரிவுக்கு நானும் பி பிரிவுக்குப் புது டீச்சரும் தண்ணீர்ப் பாடம் எடுத்தோம். அமீர்பேட்டிலிருந்து மெட்ரோவில் வந்து இறங்கும் சின்னப் பெண். என் மகள் படிப்பது பி பிரிவில். வயிற்றெரிச்சலுக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் ஊர் மூசி ஆறு எப்படிச் சாக்கடையானது என்று நான் போர்டில் அம்புக்குறி போட்டு விளக்கினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பக்கத்து வகுப்பிலோ ஒரே கூச்சல். அவரவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி, சோப்பைப் போட்டுக் குலுக்க வைத்திருக்கிறாள். குழாய்த் தண்ணீர் நுரைத்தது, போர்வெல் தண்ணீர் நுரைக்கவில்லை. அதற்கு என்ன கைதட்டல்! என் பிள்ளைகள்கூட அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை மெட்டுகுடா வீட்டில், வாட்டர் ஃபில்டரின் கழிவுக் குழாய்க்குக் கீழே மகள் வாளியை வைத்தாள்.

"மம்மி, இந்தத் தண்ணிய வேஸ்ட் பண்ணக் கூடாதாம். வீடு துடைக்கலாமாம். மிஸ் சொன்னாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாளியே நான் அதற்கென்று வாங்கியதுதான். ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் தெருவில் குடியிருந்துகொண்டு, தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்.

"இத நான் எத்தன வருஷமா சொல்றேன்? அப்ப காதுல என்ன வச்சிருந்த?"

"நீ எங்க சொன்ன? திட்டின."

ஊர்ப் பிள்ளைகள் எப்படியோ போகட்டும். என் பிள்ளையின் காதில் என் குரல் ஏறாமல் அந்தப் பெண்ணின் குரல் ஏறியதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் எனக்கு வகுப்பில்லாத நேரத்தில், வெட்கத்தை விட்டு பி பிரிவின் ஜன்னலோரம் போய் நின்றேன். புது டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. ஒரு கேள்வி கேட்டாள், பிறகு சும்மா காத்திருந்தாள். பூ, இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் மகள் ஸ்கூல் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை சிங்க்கில் கொட்டப் போனாள். மிஸ்ஸின் அருமைச் சிஷ்யை! வாய்வரை வந்த கத்தலை விழுங்கினேன்.

"கண்ணா, இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சியா?" என்று நயமாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

மகள் பாட்டிலை நிமிர்த்திப் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நக்கோ மம்மி, வேணாம். மிஸ் மாதிரி பேசாத. உனக்கு வரல."