ஒரு ‘ஆஃப்’ படுத்திய பாடு

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புச் சாமான்களைச் சுட்டுக் கடினமாக்கும் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஃபர்னஸ் என்னைச் சுட்டதில்லை. இங்கிலீஷ்தான் சுட்டது.

1. சம்பவம்

அன்று மதியம் வோல்டேஜ் இறங்கியது. ஃபர்னஸுக்குள் ஒரு லோடு கியர் சூடாகிக்கொண்டிருந்தது. ஏசி அறையிலிருந்து ஜி.எம். போன் போட்டார். ஆபரேட்டர் சலீம் எடுத்தான்.

“ஹீட்டர ஆஃப்ல வை.”

சலீம் ஸ்விட்சை அணைத்தான். கியர் அத்தனையும் ஸ்கிராப்.

ஜி.எம். சொன்னது ‘ஹாஃப்’. இரண்டு வரிசை ஹீட்டரில் ஒன்றை மட்டும் ஓட்டு என்று அர்த்தமாம். ‘ஹா’வை முழுங்கியவர் அவர், வேலை போகப்போவது சலீமுக்கு.

“லோடு உள்ள இருக்கறப்ப எவனாவது அணைப்பானா? காமன்சென்ஸ் வேணாம்?” என்று குதித்தார்.

சலீம் என்னிடம் வந்தான். “ஆஃப்னாரு, ஆஃப் பண்ட்டேன். இதுல என் தப்பு இன்னா கீது அண்ணாத்தே? போன மாசம்தான் சென்னீர்குப்பத்துல ஊடு புட்ச்சேன். வேல போச்சுன்னா புள்ளைங்கள இட்டுகினு எங்க போவேன்?”

நேரே ஆபீஸ் பக்கம் நடந்தேன்.

2. ஆராய்ச்சி

எங்கள் ஹெச்.ஆர். வனிதா, பி.ஏ. ஆங்கில இலக்கியம். அவரிடம் புலம்பினேன்.

“ரெண்டு எஃப் போடற ஆஃபும் ஒத்த எஃப் போடற ஆஃபும் ஆதியில ஒரே வார்த்தை சார்” என்றார். “அழுத்திச் சொன்னதுக்கு ‘விலகி’ன்னு அர்த்தம் ஒட்டிக்கிச்சு, இன்னொரு எஃபும் சேர்ந்துச்சு. ஹாஃப் வேற குடும்பம்.”

ஆக, வெள்ளைக்காரன் ஒன்றை இரண்டாக்கினான். நாம் அந்த இரண்டோடு ஹாஃபையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டோம். ஆஃப் டே என்றால் அரைநாள், டே ஆஃப் என்றால் முழுநாள், ஆஃப் பாயில் என்றால் முட்டை, மூடு ஆஃப் என்றால் ஜி.எம். இதில் சலீமுக்குக் காமன்சென்ஸ் இல்லையாம்.

3. தீர்ப்பு

மறுநாள் காலை ஜி.எம். வனிதாவைப் போனில் கூப்பிட்டார். “சலீமுக்கு இன்னிக்கு ஆஃப் குடுத்துடுங்க. டிஸ்மிஸ் ஆர்டர் சாயங்காலம் பாத்துக்கலாம்.”

சாப்பாட்டுக்குப் பிறகு ஜி.எம். ரவுண்ட்ஸ் வந்தபோது, சலீம் ஃபர்னஸ் முன்னால் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஜி.எம். வனிதாவை வரவழைத்தார்.

“இவன் ஏன் இங்க நிக்கறான்?”

“நீங்கதான சார் ஆஃப் குடுக்கச் சொன்னீங்க? காலையில அரைநாள் குடுத்தேன். மதியம் வந்துட்டாரு.”

“நான் சொன்னது ஃபுல் டே! ஆஃப்னா எந்த ஆஃப்னு கூடவா...”

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் சலீமைப் பார்த்தார், ஃபர்னஸைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார். பிறகு ஏசி அறைக்குப் போனவர் அன்று வெளியே வரவில்லை. டிஸ்மிஸ் ஆர்டரும் வரவில்லை.

ஆங்கில இலக்கியம் படித்த வனிதாவுக்கு அன்று காலை மட்டும் ஆங்கிலம் மறந்துபோயிருந்தது. படித்த படிப்பு வேலைக்கு எங்கே உதவப்போகிறது என்று கேட்கும் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.