மயில்மீனுக்கு நிறம் தீட்டிய எங்கள் அண்ணர்

மயிலிட்டிக் கரையில் பிறந்து, பதினான்கு வயதில் ஆழ்கடல் தொழிலுக்குப் போய், தந்தையார் காலமானபின் எங்கள் நால்வரையும் ஆளாக்கி, கடைசியில் சுவிஸில் லாங்கன்தால் நகரில் கண்மூடிய எங்கள் அண்ணரின் ஆண்டு நிறைவில் இதை எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள், எப்படியும் இருக்கும்.

அண்ணர் இங்கே ஓர் அச்சகத்தில் துப்புரவு வேலை செய்தார். கழித்த தாள்களைக் கேட்டு வாங்கிவந்து, வெற்றுப் பக்கத்தில் ஊருக்குக் கடிதம் எழுதுவோம். ஒருநாள் வந்த தாளில் பெரியதொரு வர்ணப்படம். நடுக்கடலில், முதுகில் பாய்போல் செட்டை விரித்த மயில்மீன் ஒன்று சூடை என்னும் சிறுமீன் கூட்டத்தைத் துரத்துகிறது. பள்ளிச் சுவருக்கான படமாம். அண்ணர் சிரித்துவிட்டார்.

"எடேய், இது செத்த மீனடா! செத்தது எப்பிடிச் சூடையைக் கலைச்சுப் பிடிக்கும்?"

"என்னண்ணை சொல்லுறியள்?"

"வள்ளத்திலை ஏத்தினாப் பிறகுதான் இந்தச் சாம்பல் நிறம். வேட்டையாடேக்கை உடம்பெல்லாம் நீலக்கோடு மின்னும். படம் கீறின ஆள் மீனைப் போத்திலுக்கை பாத்திருக்கிறார் போலை."

கலர் பென்சில் எடுத்து, நீலக்கோடுகளை அவரே போட்டார்.

மறுநாள்தான் தெரிந்தது, அது கழித்த தாளல்ல. ஓவியர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டிய மாதிரித் தாள். அண்ணர் அடுக்கு மாறி எடுத்துவிட்டார். அச்சகத்தில் எல்லோரையும் விசாரிக்கிறார்களாம். எங்கள் அகதி வழக்கு தலைநகர் பேர்னில் முடிவாகாமல் கிடந்த நேரம். வேலை போனால்? பொலிஸ் வந்தால்? திருப்பி அனுப்பினால்?

"அண்ணை, கிழிச்சு எறிஞ்சுபோட்டுப் பேசாமல் இருங்கோ."

"பிறகு வேறை ஆரையேன் கள்ளன் எண்டுவினம். வா, நீயும் வந்து டொச்சிலை சொல்லு."

ஜெர்மன் எனக்குத்தான் கொஞ்சம் வரும். போனோம். முதலாளி தாளைக் கண்டதும் சத்தம் போடத் தொடங்கினார். ஓவியரும் அங்கே நின்றார், அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார். முதலாளியைக் கையால் மறித்துவிட்டு, தாளை முகத்தருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இதை உயிரோடு பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"ஓம், கனதரம், எத்தினையோ முறை," என்றார் அண்ணர். நான் மொழிபெயர்க்குமுன்பே அம்மையாருக்கு விளங்கிவிட்டது. தான் அருங்காட்சியகத்தில் பாடம் பண்ணி வைத்த மீனை மட்டுமே பார்த்ததாகச் சொன்னார். முதலாளி தன் இயந்திரத்தருகே திரும்பிப் போனார். அண்ணரின் வேலையும் போகவில்லை.

அம்மையார் அந்த மீனைப் புதிதாக வரைந்தார். பிறகு சனிக்கிழமைகளில் எங்கள் அறைக்கு வருவார். கேள்விக்கு மேல் கேள்வி. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் அண்ணரிடம் பதிலில்லை. நோயில் படுத்திருந்தபோதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மின்னல் சூடையின்ரை கண்ணுக்குத் தெரியுமோடா? பயந்து ஒதுங்குதோ, மயங்கி நிக்குதோ?"

"எனக்கென்ன தெரியும் அண்ணை, மருந்தைக் குடியுங்கோ."

அண்ணரைப் பராமரித்த தாதியருக்கும், உணவு கொண்டுவந்த அயலவர்க்கும், இறுதிக்கிரியையில் தோள்கொடுத்த உறவுகளுக்கும், என் கையெழுத்தையே இந்நினைவுமலராகப் பதித்துத் தந்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தாளைக் கிழிக்கச் சொன்னதற்கு அண்ணரிடம் நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை. இங்கே கேட்கிறேன்.

கடலில் தொழில் செய்த உங்களில் எவருக்காவது அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அம்மையார் இன்னும் சனிக்கிழமைகளில் வருகிறார்.