பொட்டும் சிப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு ரேவதி வீட்டில் விருந்து. அண்ணாமலை நகரில் எனக்குப் பல வருடத் தோழி அவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகன் பிரகாஷுக்கு இப்போதுதான் கல்யாணமானது. மருமகள் நிவேதா, குமராட்சிப் பெண். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு குஜராத்தில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். லீவு முடிந்து மறுநாள் ரயில்.

பாயசம் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

ரேவதியின் நாத்தனார் நிவேதாவின் போனில் ஒரு போட்டோவைப் பார்த்தார். தலை முதல் கால் வரை வெள்ளை உடை... கண் மட்டும் தெரிகிறது.

"இது யாரும்மா?"

"நான்தான் பெரியத்தை. ட்ரெயினிங்ல எடுத்தது."

"பொட்டக் காணோம்? பூ?"

"எதுவும் கூடாது பெரியத்தை. பவுடர் தூசி விழுந்தாகூட சிப்பு வீணாயிடும். முடிய விட மெல்லிசான தங்கக் கம்பில கனெக்‌ஷன் குடுக்கறோம்."

தங்கம் என்றதும் பெரியத்தை கொஞ்சம் இறங்கி வந்தார். அடுத்த நொடியே ஏறிக்கொண்டார்.

"அதுக்காக? கோயில் ஊருக்கு வாழ வந்த பொண்ணு வெறும் நெத்தியோட நிக்கறதா? எழுதிக் குடுத்துட்டு வந்துடு. இவன் சம்பாதிக்கறது பத்தாதா?"

நிவேதாவின் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பிரகாஷ்? அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். நிவேதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கஷ்டப்பட்டு வாங்கன வேலை அத்தை..." என்றாள் மாமியாரைப் பார்த்து.

ரேவதி பாயச வாளியைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, நான் இத்தன வருஷமா ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கறேன். பூ வச்சிகிட்டா உள்ள போறேன்? வளையல் போட்டுகிட்டா? உங்க தம்பி நல்லாதான இருக்காரு? சுகர்கூட கொறஞ்சிருக்கு!"

அவள் கணவர்தான் முதலில் சிரித்தார். பிறகு பந்தியே சிரித்தது.

"அவ போறா. அவ்ளோதான்" என்றாள் ரேவதி.

"நானும் கூடப் போறேம்மா. என் வேலை லேப்டாப்லதான... எங்கேருந்து பாத்தா என்ன? இதத்தான் சொல்லலாம்னு..." என்று இழுத்தான் பிரகாஷ்.

"சொல்ல வேண்டியதுதானடா!"

நம் நாட்டிலேயே சிப் தயாராகிறது என்று டி.வி.யில் பார்த்துக் கைதட்டுகிறோம். அதைச் செய்ய நம் வீட்டுப் பெண் கிளம்பினால் மட்டும் ஏன் நெற்றியைப் பார்க்கிறோம்?

நேற்று நிவேதா பேசினாள். அவள் லைனில் செய்த சிப்புகள் டெஸ்ட்டில் பாஸாகிவிட்டனவாம். காருக்குள் வைக்கப் போகிறார்களாம். ரேவதி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஒரு சந்தேகம் கேட்டேன். சிப் செய்யும் அந்த அறைக்குள் ஆண்கள் திருநீறும் பூசக் கூடாதாம்... விருந்தில் அதைப் பற்றி ஒருவருக்கும் கவலையே வரவில்லை, பார்த்தீர்களா!